ஃபஹாஹீலில் நான் பிரிட்டிஷ் அரசாங்கமாக இருந்தது

ஃபஹாஹீல், குவைத்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்

மதிப்புக்குரிய மச்சான் கலீலுர் ரஹ்மான் அவர்களுக்கு, மைத்துனன் செய்கு அலாவுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் என் உடன்பிறந்த ஜுலைஹா ராத்தாவும் உடல் சுகத்தோடும் மனச் சுகத்தோடும் இருக்க துஆ செய்கிறேன். எனக்கு உடல் சுகம் இருக்கிறது. மற்றதைக் கீழே எழுதுகிறேன்.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போனில் பேசினால் ராத்தா ஸ்பீக்கரில் போடுவார். நான் பேசி முடிப்பதற்குள் கீழக்கரையில் பாதித் தெரு அதைக் கேட்டு முடித்திருக்கும். அதனால்தான் என் கடைக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் யஹ்யா ஊருக்கு வருகிறான் என்றதும் பேனாவை எடுத்தேன். ராத்தா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துப் பிரியுங்கள்.

இங்கே என் தெருமுனையில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு என் பக்காலா மளிகைக் கடையின் நிலைமை தங்களுக்குத் தெரியும். முன்பு மாலையில் ரொட்டிக்கும் தயிருக்கும் வரிசை நிற்கும். இப்போது விலாசம் கேட்கத்தான் ஆள் வருகிறது. மகள் ஆமிராவின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் அவளையும் ஜுபைதாவையும் ஊருக்கு அனுப்பித் தங்கள் வீட்டு மாடியில் தங்கவைப்பது, நான் பேச்சிலர் ரூமில் ஒரு கட்டில் பார்த்துக்கொள்வது என்று தாங்களும் ராத்தாவும் நானும் போனில் பேசி முடித்தோம் அல்லவா? டிக்கெட்டும் போட்டுவிட்டேன். இதை வீட்டில் மட்டும் சொல்லவில்லை. பரீட்சை நேரத்தில் பிள்ளை மனசு கலங்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான் மச்சான், வேறென்ன.

அந்தச் சமயம் பார்த்து ஸ்கூலில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். ஆமிராவோடு வீட்டில் எதிர்வாதம் பேசிப் பழக ஆளில்லை. கடையைச் சாத்திவிட்டு வந்தவனைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"வாப்பா, நீங்கதான் பிரிட்டிஷ் அரசாங்கம்."

"நானா? என்னைப் பாத்தா வெள்ளைக்காரன் மாதிரியா இருக்கு?"

"இது நம்ம ஊருக் கதை இல்ல வாப்பா. அமெரிக்கா. அங்க போய்க் குடியேறுன வெள்ளைக்காரங்களுக்கும் லண்டன்ல இருந்த வெள்ளைக்காரங்களுக்கும் சண்டை."

"ரெண்டு பேரும் வெள்ளைக்காரன்னா நமக்கு என்னமா வந்துச்சு?"

"ஜெயிச்சா கப்பு தருவாங்க."

விஷயம் இதுதான். லண்டன் பார்லிமெண்ட் அந்தக் குடியேறியவர்கள் மீது வரி போட்டது. முதலில் பத்திரத்துக்கும் செய்தித்தாளுக்கும் முத்திரை வரி, அப்புறம் தேயிலைக்கு. குடியேறியவர்கள் லண்டன் தேயிலையையே தொடமாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சொன்னார்கள்: "உங்கள் சபையில் எங்களுக்கு ஓர் ஆள்கூட இல்லை. எங்களைக் கேட்காமல் எங்கள் பையில் கைவிட நீங்கள் யார்? எங்கள் ஊர்ச் சபையில் வந்து கேளுங்கள், தருகிறோம்." லண்டன்காரர்கள் சொன்னார்கள்: "உங்களுக்காகச் சண்டை போட்டோம், பட்டாளம் வைத்திருக்கிறோம். நீங்கள் ஓட்டுப் போடாவிட்டால் என்ன? உங்களையும் மனதில் வைத்துத்தான் நாங்கள் முடிவெடுக்கிறோம். எங்கள் நாட்டிலேயே எத்தனையோ ஊர்களுக்கு ஆளில்லை, அவர்கள் கத்துகிறார்களா?"

உண்மையைச் சொன்னால் மச்சான், லண்டன்காரர்கள் குடும்பம் நடத்தி அடிபட்டவர்கள் போலப் பேசுகிறார்களே என்று எனக்குத் தோன்றியது. நான் உற்சாகமாகிவிட்டேன். மேசையைத் தட்டி, "உங்களை நட்டு வச்சுத் தண்ணி ஊத்தி வளத்தது யாரு?" என்றேன். ஆமிரா அசரவில்லை. "நீங்க நடல. உங்க தொல்லை தாங்காமத்தான் நாங்க கடல் தாண்டி வந்தோம். நாங்களாத்தான் வளந்தோம்" என்றாள். அடுப்படியில் ஜுபைதா வாய்விட்டுச் சிரித்தாள். இந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

ஏனென்றால் மறுநாள் ராத்தா போன் செய்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன், ஆமிரா எடுத்திருக்கிறாள். "மாடி ரூமைக் கழுவி விட்டாச்சு கண்ணு, உனக்கு ஜன்னல் பக்கக் கட்டில்" என்று ராத்தா பிரியமாகச் சொல்லியிருக்கிறார். ராத்தாமேல் தப்பில்லை, பாவம். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் தாயும் மகளும் அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

"இது எந்தச் சபையில முடிவாச்சு வாப்பா?"

"உங்க ரெண்டு பேரையும் மனசுல வச்சுத்தாம்மா முடிவெடுத்தேன்" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"லண்டன்காரங்களும் இதையேதான் சொன்னாங்க" என்றாள்.

ஜுபைதா கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாளிலிருந்து வீட்டில் டீ நின்றது. கேட்டால், "தேயிலை தீந்துபோச்சு" என்கிறாள். கடைக்காரன் வீட்டிலா தீரும்? ஒரு பெட்டியையே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். அது வாசலில் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைவிடக் கொடுமை, என் கடைச் சாமான் ஒன்றுகூட வீட்டுக்குள் வரக் கூடாது என்று இருவரும் தீர்மானித்துவிட்டார்கள். உப்பு முதல் ஊறுகாய் வரை அந்த சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வாங்கி, அவன் பெயர் போட்ட பையைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடை வாசல் வழியாகவே நடந்து போவார்கள். பார்த்த யஹ்யா, "பாய், வீட்ல எதுவும் மனஸ்தாபமா?" என்று கேட்டான். "ஸ்கூல்ல ப்ராஜெக்ட்" என்றேன்.

ஆனால் ஆமிரா மரியாதையை விடவில்லை. தினமும் நான் கடைக்குப் போகும்முன் எதிரே வந்து கையைக் கட்டிக்கொண்டு, "மாட்சிமை தங்கிய வாப்பா அவர்களே, தங்கள் விசுவாசமுள்ள குடிமக்களின் பணிவான விண்ணப்பம்" என்று தொடங்குவாள். அந்தக் குடியேறியவர்களும் ராஜாவுக்கு இப்படித்தான் பணிந்து பணிந்து மனுப் போட்டார்களாம். ராஜா கேட்கவில்லையாம். நானும் "நேரமாச்சும்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவேன்.

பட்டிமன்றத்துக்கு நானும் போயிருந்தேன். ஜுபைதா எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தாள். எல்லாம் ஆங்கிலம், எனக்குப் பிடிபட்ட வரைக்கும் சொல்கிறேன். நடுவராக இருந்த டீச்சர், "சரி, பார்லிமெண்டில் உங்களுக்கும் இடம் கொடுத்திருந்தால் சண்டை தீர்ந்திருக்குமா?" என்று கேட்டார். ஆமிரா சொன்னாள்: "தீர்ந்திருக்காது. நடுவில் கடல் இருக்கிறது. நாங்கள் சொல்வது போய்ச் சேரும்போது அங்கே முடிவெடுத்து முடிந்திருக்கும். எங்கள் வாழ்க்கை எங்கே நடக்கிறதோ அங்கேதான் எங்கள் முடிவும் நடக்க வேண்டும்." எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. நாளைக்கு இவர்கள் கீழக்கரையில் இருப்பார்கள், நான் இங்கே ஒரு கட்டிலில் உட்கார்ந்து போனில் அதிகாரம் செய்வேன். அது எத்தனை நாளைக்கு நடக்கும் மச்சான்? லண்டன்காரனுக்கே நடக்கவில்லையே.

அப்போது எதிரணியில் விமல் என்ற பையன் எழுந்தான். "உரிமை உரிமை என்று பேசிய இவர்கள் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவர்களைக் கேட்டார்களா? தங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டார்களா?" என்றான். ஆமிரா எழுந்தாள். "கேட்கவில்லை. அது தவறுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கப்பு அந்தப் பையனுக்குப் போய்விட்டது. மகள் தோற்றாளே என்று அழுவதா, அவன் கேட்ட கேள்வி எனக்கல்லவா என்று அழுவதா? காரில் வரும்போது, "இன்னும் ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாமேம்மா" என்றேன். "பொய் சொல்லியா?" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் நானே இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கடை நிலைமை, விசா, வாடகை எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். "இப்போ ஓட்டெடுப்போம். ஊருக்குப் போறதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிக்கலாம்" என்றேன். மச்சான், தங்களிடம் மட்டும் சொல்கிறேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்வார்கள், நான் தோற்றுப்போவேன், எப்படியாவது மூன்று பேரும் இங்கேயே கிடப்போம் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

ஜுபைதா கையைத் தூக்கினாள். "போறோம்."

நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன முழிக்கிறீங்க? கடை படுத்துக் கிடக்குறது எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தீங்கன்னா மொத நாளே சரின்னு சொல்லியிருப்பேன். கேக்கலையே நீங்க" என்றாள். சொன்னவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆமிராவும் கையைத் தூக்கினாள். நான் மட்டும் போகக் கூடாது என்று ஓட்டுப் போட்டேன். நானே போட்ட திட்டத்துக்கு எதிராக நானே நின்று, இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன். அதற்குப் பிறகு டீ வந்தது. இனிப்பாகத்தான் இருந்தது. குடிக்க முடியவில்லை.

இனிதான் தங்களிடம் கேட்க வேண்டியது. அவர்கள் தங்கள் வீட்டு மாடிக்கு வரமாட்டார்களாம். ஜுபைதாவின் உம்மா வீட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன வீடு பார்த்துக்கொள்வார்களாம். "ராத்தா நல்லவங்கதான். ஆனா அங்க போனா நாங்க விருந்தாளி. சோத்துக்கு மட்டும் இல்ல, பேச்சுக்கும் விருந்தாளி" என்கிறாள் ஜுபைதா. இதை நான் ராத்தாவிடம் எப்படிச் சொல்வேன்? சின்ன வயதிலிருந்தே அவர் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. ஜன்னல் பக்கக் கட்டில் வரைக்கும் போட்டுவைத்திருக்கிறார். அவர் மனம் நோகாமல், தாங்களே நல்ல நேரம் பார்த்து, தாங்கள் யோசித்த யோசனை போலச் சொல்லிவிடுங்கள். கோபித்தால் என்மேல் போட்டுவிடுங்கள். அவர் ஒப்புக்கொள்ளும்வரை எனக்குத் தூக்கமில்லை.

ராத்தாவுக்கு என் ஸலாம். தாங்கள் சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் இருக்கிற இடத்திலேயே பிழைப்பும் தருவானாக.

தங்கள் அன்பு மைத்துனன்,
செய்கு அலாவுதீன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஜுபைதா வாங்கிப் படித்துவிட்டாள். ராத்தாவிடம் அவள் எப்போதோ இதைப் பேசி முடித்துவிட்டாளாம். ராத்தா கொஞ்சம் அழுதுவிட்டு, "பொம்பளைக்குத் தனி வீடுதான் நல்லது, நானே பாக்குறேன்" என்றாராம். வீடு பார்த்து, பிடித்து, சாவியும் வாங்கியாகிவிட்டதாம். நாங்கள் இங்கே ஓட்டெடுத்த அன்று அந்த வீட்டில் வெள்ளையடிக்க ஆளோடு நின்றதே தாங்கள்தானாமே! எனக்கு மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. இனி இந்தக் கடிதத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "அனுப்புங்க, உங்க கையெழுத்தைப் பாத்து மச்சானுக்கு ரொம்ப நாளாச்சு" என்றாள். அதனால் அனுப்புகிறேன். மேலே எழுதியிருக்கும் எதையும் பொருட்படுத்த வேண்டாம். வெள்ளை மட்டும் இரண்டு பூச்சாக அடிக்கச் சொல்லுங்கள், மச்சான். அங்கே உப்புக்காற்று.