ஏற்றத்தில் உடைத்த தேங்காய்கள்

செங்கோட்டை மலைப்பாதை,
சனிக்கிழமை மத்தியானம், 2-9-78

பட்டாளத்தில் லாரி ஓட்டும் சிரஞ்சீவி மைத்துனன் சிவனணைந்தபெருமாளுக்கு, இலஞ்சிக் குமரன் அருளை முன்னிட்டு அத்தான் தில்லைநாயகம் எழுதுவது. நாங்கள் சுகம். நீ ஊரில் விட்டுப்போன உன் சொந்த லாரிக்குத்தான் சுகமில்லை.

நாளைக் காலை புனலூரில் உன் மருமகள் வள்ளித்தாய்க்கு முகூர்த்தம். உனக்கு லீவு கிடைக்கவில்லை. லாரியையாவது கொடுத்தாயே என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். உன் அக்காவும் பெண்ணும் நேற்றே ரயிலில் போய்விட்டார்கள். அரிசி, காய்கறி, அண்டா, இலைக்கட்டு, பெண் மிதிக்க வேண்டிய அம்மி, சமையல்காரர் பால்வண்ணநாதன் எல்லாம் லாரியில். சம்பந்தி வீட்டார் சாப்பாட்டில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவர்கள். இங்கே சாப்பாடே பாதி மலையில் நிற்கிறது.

எல்லாம் உன் டிரைவர் முகம்மது கனியால் வந்த வினை. பெண்ணுக்கு வரன் அமைந்தால் கல்யாணத்துக்குப் போகிற வழியில் உள்ள சாமிக்கெல்லாம் தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருந்தேன். தோப்புத் தேங்காய் ஒரு சாக்கு ஏற்றியிருக்கிறேன். புளியரை தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததுமே ஒரு மாடசாமி. நிறுத்தச் சொன்னேன்.

"அண்ணாச்சி, ஏத்தத்துல நிப்பாட்டச் சொல்லாதிய. முழு லோடு. மறுபடி எடுக்கையில கிளட்ச் உரசிச் சூடாயிரும். மேல சமதளம் வருது, அங்கன நின்னு எல்லாச் சாமிக்கும் சேத்து ஒடைங்க" என்கிறான். மாடசாமியின் தேங்காயைக் கொண்டுபோய் வேறொரு சாமி எதிரில் உடைத்தால் மாடசாமி சும்மா விடுவாரா? அதட்டி நிறுத்தினேன். அடுத்த வளைவில் அம்மன், அதற்கும் மேலே கருப்பசாமி. ஒவ்வொரு தடவையும் வண்டி உறுமுது, நகர மாட்டேங்குது, சாக்கு கருகின மாதிரி ஒரு நாத்தம். நான் கொளுத்திய சூடம்தான் சரியில்லையோ என்று முகர்ந்து பார்த்தேன்.

கருப்பசாமிகிட்ட எடுக்கையில இன்ஜின் கத்துது, அடியில புகை, வண்டி பின்னால உருளுது! பக்கத்துல பள்ளம். கனி பிரேக் மேல ஏறி நிக்கான், அப்பவும் வழுக்குது. "கல்லு! கல்லு போடுங்க!"ன்னு அலறுதான். பால்வண்ணநாதன் கைக்குக் கிடைச்சதைத் தூக்கி டயருக்கு அடியில தள்ளினார். அம்மி! நாளைக்கு வள்ளித்தாய் மிதிக்க வேண்டிய அம்மியை இப்போது உன் லாரி மிதித்துக்கொண்டு நிற்கிறது.

கிளட்ச் ஆறும்வரை கை வைக்க மாட்டேன் என்று கனி சாலையோரம் உட்கார்ந்து பீடி குடிக்கிறான். என்ன நெஞ்சழுத்தம் பார்! இவனை உடனே வேலையைவிட்டு அனுப்பு.

துப்பாக்கிக்கும் குளிருக்கும் தப்பி நீ தீர்க்காயுசாக இருக்கக் கருப்பசாமியை வேண்டிக்கொள்கிறேன். அவர் எதிரில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அத்தான்
தில்லைநாயகம்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை, புனலூர். கனியை அனுப்பிவிடாதே. சூடு ஆறியதும் முதல் கியரில் எறும்பு மாதிரி ஏற்றினான், எங்கும் நிற்கவில்லை. வழிச் சாமிகளுக்கெல்லாம் நானும் உட்கார்ந்தபடியே கும்பிடு போட்டேன். பந்தியில் ஒரு குறை இல்லை. வள்ளித்தாய் அம்மியில் கால் வைத்தபோது அதில் டயர் தடத்தைப் பார்த்து நான் தேம்பி அழுதுவிட்டேன். பெண்ணைப் பிரிகிற அழுகை என்று சம்பந்தி தேற்றினார். பாத்திரமெல்லாம் லாரியில்தான் ஊருக்குத் திரும்பி வரவேண்டும். அண்ணாச்சி ஏறினால் லாரியை எடுக்க மாட்டேன் என்கிறான் கனி. அதனால் நான் ரயிலில் போகிறேன். மிச்சத் தேங்காய்ச் சாக்கையும் அவன் லாரியில் ஏற்றவிடவில்லை. என் மடியில் இருக்கிறது.