ஏசிக் கதவில் குந்திய சொல்தா

புதுச்சேரியில் கதவைக் கண்டால் கோபம் வரும் மனிதர் ஒருவர்தான் இருந்தார். எங்கள் தெரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கியவர். நேரில் மரியாதையாக, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசியே என்போம். அவர் தலை மறைந்ததும் கதவுக்கட்டை என்போம்.

எங்கே போனாலும் கால்சட்டைப் பையில் ஒரு தேக்குக் கட்டை இருக்கும். நாலு பேர் கூடிப் பேசும் அறை எதுவானாலும் கதவைத் திறந்து, அடியில் அந்தக் கட்டையைச் செருகுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் தனி அறையில் சீர் பேசிக்கொண்டிருந்தார்கள். முசியே போய்க் கட்டையைச் செருகினார். கேட்க நினைத்த ஸ்கூட்டரைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டார்கள். தெருக்கதவை விட்டால், அவர் வீட்டில் குளியலறைக்கு மட்டும் கதவு உண்டு. அதுவும் அவர் மனைவி சண்டை போட்டு வைத்தது.

வெகுகாலம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நகராட்சிக்கு உறுப்பினர்கள் வந்தார்கள். கூட்டத்தை ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். முசியே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே ஜனங்களுக்கு நாற்காலி இல்லை என்றார்கள். வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு போனார். எல்லாக் கூட்டத்துக்கும் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குவார். கட்டை மட்டும் கதவடியில் விழித்திருக்கும்.

பிறகு கூட்ட அறைக்கு ஏசி வந்தது. கண்ணாடிக் கதவு போட்டார்கள். தானாகச் சாத்திக்கொள்ளும். தரைக்கும் கதவுக்கும் நடுவே கட்டை நுழைய இடமில்லை. முசியே நேராக என் வண்டிக்கு வந்தார். எனக்கு இஸ்திரி வண்டி. பூவரச மரத்தடியில் நிற்கும். கட்டையை என் மேசைமேல் வைத்தார்.

"ஏமாத்திட்டானுங்கப்பா" என்றார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

என் முகமும் அன்று சரியில்லை. எங்கள் மரத்தடி வண்டிகளை எடுத்துவிட்டு, ஒரு ஓட்டலுக்குக் கார் நிறுத்த இடம் கொடுக்கப்போகிறார்கள் என்று தேய்த்த சட்டை வாங்க வந்த நகராட்சி பியூன் சொல்லியிருந்தார். அடுத்த கூட்டத்தில் முடிவாம். இடம் போனால் வண்டி இல்லை. வண்டி இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு இல்லை.

"இடம் போவுது முசியே" என்றேன்.

அவர் கட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

கூட்டத்தன்று நல்ல வெயில். முசியே ஸ்வெட்டர் போட்டு, மப்ளர் சுற்றி, குரங்குக் குல்லாய் வைத்து வந்தார். ஏசிக்குத் தயாராம். நாற்காலியை அறைக்குள் போடவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளி, வாசற்படியிலேயே போட்டு உட்கார்ந்தார். கதவு வந்து அவர் தோளில் இடித்தது. நின்றுவிட்டது.

ஆபீஸ்காரர் ஓடி வந்தார். "பெரியவரே, ஏசி வெளிய போவுது. ஒண்ணு உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க."

"உள்ள வந்தா நான் மட்டும் பாப்பேன். இங்க குந்துனா தெருவே பாக்கும்."

போலீசைக் கூப்பிடுவேன் என்றார் தலைவர். கூப்பிடு, அவர்களும் பார்க்கட்டும் என்றார் முசியே. குளிரெல்லாம் வெளியே வந்தது. மரத்தடி வண்டிக்காரர்கள் நாங்கள் வராந்தாவில் சுகமாக நின்றோம். உறுப்பினர்கள் ஃபைலால் விசிறிக்கொண்டார்கள்.

எங்கள் விஷயம் வந்தது. படித்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். முசியே திரும்பிப் பார்த்தார்.

"இஸ்திரி, முன்னால வா. மூஞ்சி தெரியட்டும்."

போனேன். எனக்குப் பேச வராது. நின்றேன். உள்ளே இருந்த வெள்ளைச் சட்டைகளில் பாதி நான் தேய்த்தவை. எங்கள் வார்டு உறுப்பினர் கையைத் தூக்கினார். பாதி தூரத்தில் என்னைப் பார்த்தார். அந்தக் கை இறங்கிப்போய்க் காதைச் சொறிந்தது. மற்றவர்களுக்கும் திடீரென்று எங்கெங்கோ அரித்தது. ஒரு கைகூட மேலே வரவில்லை.

ஒத்திவைத்தார்கள். அது திரும்ப வரவே இல்லை. வண்டி இன்றும் அதே மரத்தடியில்தான்.

இனி உங்கள் துணிக்குக் காசு வேண்டாம் முசியே என்றேன். சரி என்றார். ஆனால் அதை ரகசியமாகச் செய்யக்கூடாது, தெருவில் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றார். அவரே மரத்தடியில் நின்று சொன்னார். மறுநாளே நாலு பேர், எங்களுக்கும் இலவசமா என்று மூட்டையோடு வந்தார்கள். அவர்களைச் சமாளித்து அனுப்பியவரும் அவர்தான்.

சில வருஷம் கழித்து, கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஜனம் நிறைய. கடல் காற்றில் தெருக்கதவு அடித்து அடித்துச் சாத்திக்கொண்டே இருந்தது. கட்டையைத் தேடினார்கள். அது அவர் கால்சட்டையோடு ஆஸ்பத்திரியில் எங்கோ தங்கிவிட்டது.

நான் வண்டிக்குப் போய் இஸ்திரிப் பெட்டியிலிருந்த கரியைக் கொட்டினேன். பெட்டியைக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்தேன். அவரைத் தூக்கும்வரை அது அங்கேதான் இருந்தது.

அன்று யார் சட்டையும் தேய்க்கவில்லை.