அழிக்கச் சொன்னால் எழுதுகிற வட்டு

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நாங்கள் நலம். அங்கே அக்காவின் கோபம் நீங்கலாக எல்லோரும் நலமென்று நம்புகிறேன். அவள் என் போனை எடுக்காததால் உங்களுக்கு எழுதுகிறேன். அவள் காபி குடித்து முடித்த நேரமாகப் பார்த்து வாசித்துக் காட்டுங்கள்.

"புது வீட்டைப் பார்க்க இந்தத் தடவையும் வரலைன்னா, எனக்குத் தங்கச்சியே இல்லன்னு நினைச்சுக்கிறேன்" என்று அவள் சொன்னதை மறக்கவில்லை. பெட்டியோடுதான் அலுவலகம் போனேன். எங்கள் கிளவுடில், அதாவது அலுவலகத்துக்கே பொதுவான கணினிக் கிடங்கில், தகவல் சேமிக்கும் பெரிய வட்டுகளைக் கூறுபோட்டு ஒவ்வொரு பிரிவுக்கும் கொடுப்போம். ஒரு கூறுக்கு வால்யூம் என்று பெயர். "கணக்குப் பிரிவோட பழைய வால்யூமை அழிச்சுட்டுக் கிளம்புங்க மேடம், அஞ்சு நிமிஷ வேலை" என்றார் மேலாளர். அழித்தேன். 'அழிகிறது' என்று திரையில் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது, பேருந்து போய்விட்டது. எந்தக் கணினியாவது அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. அதை நம்பி ஏதாவது நகல் நிற்கிறதா, அதுவும் இல்லை. கடைசியில் வட்டைப் பார்த்தால் மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டிருக்கிறது. அழிக்கச் சொன்னால் எழுதுவார்களா? பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்து, "அட, அது முழுசையும் பூஜ்யம் போட்டுத் துடைச்சுட்டுத்தான் விடும், காலி இடத்தையும் சேர்த்து. அடுத்து வர்றவங்க பழசைப் பார்த்துடக் கூடாதில்ல" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை, அத்தான். நானும் ஒரு பேச்சை மறக்க வேண்டுமென்றால், முதலிலிருந்து கடைசிவரை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் மறப்பேன். அக்காவும் அப்படித்தான். இந்த வரியை மட்டும் வாசிக்க வேண்டாம்.

"இடம் மறுபடி கணக்குப் பிரிவுக்கே போறதுதானே, துடைக்கணுமா சார்?" என்று மேலாளரிடம் கேட்டேன். "அவங்க குப்பையை அவங்களே பார்த்தா என்ன, விடுங்க" என்றார். துடைப்பதை நிறுத்தும்படி மாற்றிவைத்தேன். கண் இமைப்பதற்குள் வால்யூம் மறைந்தது. ஆகவே வெள்ளிக்கிழமை முதல் பேருந்தில் வருகிறேன், சத்தியமாக.

பிள்ளைகளுக்கு ஆசிகள். அக்காவிடம் என் சார்பில் எத்தனை மன்னிப்பு வேண்டுமானாலும் கேளுங்கள்.

இப்படிக்கு,
இன்றுவரை உங்கள் மனைவிக்குத் தங்கையாக இருப்பவள்

பி.கு.: உறையை ஒட்டும்போது மேலாளர் கூப்பிட்டார். கணக்குப் பிரிவு அழிக்கச் சொல்லித் தப்பான வால்யூமைக் காட்டிவிட்டதாம்; அவர்களுக்கு வேண்டியதெல்லாம் அதில்தான் இருந்ததாம். "நல்லவேளை மேடம், பாதிதான் துடைச்சிருக்கு. மீதியை நீங்கதான் தோண்டி எடுக்கணும்." அது வெள்ளிக்கிழமையைத் தாண்டும். ஆகவே இதை அக்காவிடம் வாசிக்கவே வேண்டாம். பேருந்தில் ஏற்றி அவளையே இங்கே அனுப்பிவிடுங்கள். திட்டுவதை நேரில் வந்து திட்டட்டும்; வேலை பார்த்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறேன்.