ஃபெர்மின் ஓடிய பாதை

மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமை காலை, தன் ஐம்பத்தொன்பதாவது வயதில், இனி தினமும் ஓடுவது என்று ஃபெர்மின் முடிவெடுத்தார். தோர்மெஹாவில் அதுவரை யாரும் காரணமில்லாமல் ஓடியதில்லை. ஆடு ஓடினால் பின்னால் ஓடுவார்கள். மாடு ஓடிவந்தால் முன்னால் ஓடுவார்கள். சும்மா ஓடுவது என்பது, முப்பத்தொரு பேர் மட்டுமே வாழும் அந்த மலையூருக்குப் புதுசு.

"எங்க ஓடப் போற?" என்று கேட்டாள் அவர் மனைவி விசி. கையில் கீரைக்கட்டு.

"காட்டு வழியா மலையை ஒரு சுத்து. பதினோரு கிலோமீட்டர்."

"நேத்து மாடிப்படி ஏறுறப்பவே நடுவுல ஒரு தடவை உட்கார்ந்தியே மனுஷா."

"அதனாலதான் ஓடப் போறேன்."

விசி கீரையை அலசி முடிக்கும்வரை அவரையே பார்த்தாள். பிறகு, "ஓடு" என்றாள்.

உண்மை வேறு. பிப்ரவரியில், செவ்வாய்க்கிழமைகளில் ஊருக்கு வரும் டாக்டரம்மா ஃபெர்மினின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, சோரிசோ என்கிற பன்றித் தொத்திறைச்சி வேண்டாம், பன்றித்தொடை வேண்டாம், கொஞ்சம் நடங்கள் என்றார். டாக்டரம்மா சொன்னது ஒரே ஒரு தடவை. விசி அதைச் சட்டமாக்கினாள். அத்தோடு விட்டாளா? பக்கத்து ஊர் ரெதோன்டிலில் இருக்கும் பாருக்கே தடை போட்டாள்.

"டாக்டர் பாரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே விசி."

"அங்க போனா சீட்டு. சீட்டுன்னா ஒயின். ஒயின்னா கூடவே ஒரு தட்டு சோரிசோ. டாக்டரம்மா கிளையை வெட்டச் சொன்னாங்க. நான் வேரை வெட்டறேன்."

கீரையையும் உருளைக்கிழங்கையும்கூட ஃபெர்மின் சகித்துக்கொள்வார். சீட்டை எப்படி விடுவது? அந்தப் பக்கத்து மலையூர்களில் சீட்டு என்றால் மூஸ். இரண்டு பேர் ஒரு கட்சி, இரண்டு பேர் எதிர்க்கட்சி. கூட்டாளிகள் எதிரெதிரே உட்கார்ந்து, கையில் என்ன இருக்கிறது என்று முகத்தாலேயே சொல்லிக்கொள்ளலாம். கீழுதட்டைக் கடித்தால் ராஜாக்கள் இருக்கிறார்கள். நாக்கு நுனியை நீட்டினால் ஆசு. இரண்டு கண்ணையும் மூடினால் கையில் ஒன்றுமே இல்லை. இது கள்ளத்தனம் அல்ல, ஆட்டத்தின் விதியே இதுதான். எதிராளி பார்க்காத நேரத்தில் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஃபெர்மினும் ரொட்டி வண்டிக்காரர் பௌதீலியோவும் இருபத்திரண்டு வருஷக் கூட்டாளிகள். வசந்தகாலப் போட்டியில் நாலு தடவை இறுதி ஆட்டம் வரை போயிருக்கிறார்கள். நாலு தடவையும் தோற்றிருக்கிறார்கள். ஜெயித்த ஜோடிக்கு உப்பிட்டு உலர்த்திய ஒரு முழுப் பன்றித்தொடை பரிசு. அதைவிடப் பெரியது, பார்ச் சுவரில் இருவர் பெயரையும் வண்ணத்தில் எழுதிவைப்பார்கள். அந்தச் சுவரில் விசியின் அப்பா பெயர் மூன்று இடத்தில் இருந்தது. மருமகன் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. மாமனார் செத்துப் பதினாலு வருஷமாகியும், ஃபெர்மின் சீட்டைக் கலைக்கும்போதெல்லாம் அந்தச் சுவர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் ஐந்தாவது இறுதி ஆட்டம். மாதக் கடைசி ஞாயிறு, பதினோரு மணி. பயிற்சி வேண்டாமா?

அதற்குத்தான் ஓட்டம். ஒன்பது ஐம்பதுக்குச் சதுக்கத்தில் எல்லோரும் பார்க்கப் புறப்படுவார். துணி துவைக்கும் தொட்டியைத் தாண்டிய வளைவில் ஒரு கல்லின்மேல் உட்காருவார். பத்து மணிக்குச் சதுக்கத்தில் ஹாரன் அடித்து ரொட்டி விற்றுவிட்டு பௌதீலியோ வருவார். ரெதோன்டிலில் இரண்டு பொரித்த முட்டை, சோரிசோ, நாலு ஆட்டம். பன்னிரண்டு மணிக்கு வண்டி அவரைத் திரும்ப வளைவில் இறக்கிவிடும். தொட்டித் தண்ணீரில் தலையையும் சட்டையையும் நனைத்துக்கொண்டு, கடைசி இருநூறு மீட்டரை ஓடி வருவார். அந்த இருநூறு மீட்டரில் அவருக்கு வாங்கிய மூச்சு நிஜமான மூச்சு. அதில் பொய் கிடையாது.

விசி வாசலில் துண்டோடு நிற்பாள்.

"இன்னிக்கு என்ன பார்த்த?"

ஃபெர்மின் இரண்டு கண்ணையும் மூடி யோசிப்பார். "ஒரு ஊத்து. பாறை நடுவுலேர்ந்து கொட்டுது. பக்கத்துல ஒரு கல்லுப் பாலம்."

"அடடே. நான் இந்த ஊர்லயே பொறந்தவ, பார்த்ததே இல்லையே."

"நடக்கறவங்களுக்குத் தெரியாது விசி. ஓடணும்."

மறுநாள் கண்ணை மூடியபோது காட்டு மரங்களில் துளிர் விட்டிருந்தது. அடுத்த நாள் ஒரு நரி குறுக்கே போனது. அதற்கடுத்த வாரம் உச்சியிலிருந்து ஏழு ஊர்க் கோயில் மணிக்கூண்டுகள் தெரிந்தன. விசி ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். மனைவி தன் பேச்சை எழுதி வைக்கிறாள். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. ஃபெர்மினுக்கு நெஞ்சு நிறைந்துபோய், மணிக்கூண்டுகளை ஒன்பதாக்கினார்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, விசி ஒரு வண்ணத்தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். விசி ஊர்ச்சங்கச் செயலாளர். தாளின் தலைப்பு: "தோர்மெஹா மலை ஓட்டப் பாதை. பதினோரு கிலோமீட்டர் அழகு. வகுத்தவர்: ஃபெர்மின்."

"இது என்ன?"

"வெளியூர்க்காரங்க ஊருக்கு வரணும்னு சங்கம் எத்தனை வருஷமா தலையை உடைச்சுக்குது. நீ தினமும் ஓடி ஓடி ஒரு பாதையே கண்டுபிடிச்சிருக்க. லொக்ரோன்யோ நகரத்து ஓட்டக்காரங்க சங்கத்துலேர்ந்து நாப்பது பேர் வராங்க. நீதான் முன்னாடி ஓடி வழி காட்டணும்."

ஃபெர்மின் கரண்டியைக் கீழே வைத்தார். "என்னிக்கு?"

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை. பத்து மணி."

மறுநாள் ரொட்டி வண்டியில்:

"மச்சான், எனக்குக் கால் சுளுக்கணும்."

"எப்போ?"

"நாளைக்குச் சாயங்காலம்."

"எந்தக் காலு?"

"அதை இன்னும் முடிவு பண்ணல."

"பண்ணிடு மச்சான். அதுலதான் மாட்டிக்குவாங்க."

திட்டம் எளிமையானது. காலில் சுளுக்கு என்றால் ஓட வேண்டாம். நாற்பது பேரையும் விசி கூட்டிக்கொண்டு எங்கேயாவது தொலையட்டும். ஊரே அந்தக் கூட்டத்தின் பின்னால் போகும். வீடு காலி. வளைவில் வண்டி. பதினோரு மணிக்கு இறுதி ஆட்டம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஃபெர்மின் மாடிப்படியில் மூன்றாவது படியிலிருந்து, தனக்கு வலிக்காதபடியும் விசிக்குக் கேட்கும்படியும் விழுந்தார். "ஐயோ, இடது கால்!" என்றார்.

ஞாயிறு காலை வலது காலை நொண்டிக்கொண்டு காபி குடிக்க வந்தார்.

விசி அவரை நாற்காலியில் உட்காரவைத்து இடது காலுக்கு முழங்கால்வரை கட்டுப் போட்டாள். பிறகு வலது காலுக்கும் போட்டாள். "எதுக்கும் இருக்கட்டும்" என்றாள்.

"ஓட்டத்துக்கு யாரு வழி காட்டுறது விசி? என்னாலதான் இப்படி ஆயிடுச்சு..."

"அதை நான் பார்த்துக்கறேன். உன் போனைக் குடு, படம் எடுக்கணும். என்னுதுல சார்ஜ் இல்ல."

போனை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசலில் எதிர்வீட்டு கான்திதாவும் அவள் தங்கச்சியும், பின்னல் ஊசியும் நூல்கண்டுமாக நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் விதவைகள். நோயாளியைத் தனியாக விடுகிற வழக்கம் தோர்மெஹாவில் கிடையாது.

"நீ போ விசி," என்றாள் கான்திதா. "மத்தியானம் வரைக்கும் நாங்க அசைய மாட்டோம்."

சொன்னபடியே அசையவில்லை. கான்திதாவுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி. கட்டுப்போட்ட இரண்டு காலோடு எழுந்து நடக்க முடியாது. எழுந்து நடந்துவிட்டால் அதைவிடக் கேவலம். ஜன்னல் வழியாக ஃபெர்மின் பார்த்தார். நாற்பது பேருக்கு முன்னால் விசி மேட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்காமல், பின்னால் வருபவர்களிடம் பேசிக்கொண்டே ஓடினாள். அவள் போட்டிருந்த காலணியின் அடிப்பாகம் நன்றாகத் தேய்ந்திருந்தது.

வளைவுப் பக்கத்திலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு ரொம்ப நேரம் நிறுத்தாமல்.

"பாவம் பௌதீலியோ," என்றாள் தங்கச்சிக்காரி. "ஆளே இல்லாத இடத்துல நின்னு ரொட்டி விக்கறான்."

"தலை சரியில்லாம போயிடுச்சோ என்னவோ," என்றாள் கான்திதா, ஊசியை மாற்றிக்கொண்டே. "உனக்கு ஏன் இப்படி வேர்க்குது ஃபெர்மின்? வலிக்குதா?"

"வலிக்குது," என்றார் ஃபெர்மின். அன்றைக்கு அவர் சொன்ன முதல் உண்மை அது.

விசி திரும்பி வந்தபோது மணி இரண்டரை. முகமெல்லாம் சிவந்திருந்தது. தோளில், துப்பாக்கியைச் சாய்த்துவைத்த மாதிரி, ஒரு முழுப் பன்றித்தொடை. விதவைகள் இருவரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

"இது ஏது?"

"ஜெயிச்சேன்."

"எதுல?"

"மூஸ்ல. பாதை ரெதோன்டில் பாருக்குப் பின்னாடி போகுதில்ல, அங்க எல்லாரும் தண்ணி குடிக்க நின்னோம். உள்ள எட்டிப் பார்த்தா பௌதீலியோ தனியா உட்கார்ந்து அழாத குறை. கூட்டாளி வரல, இன்னும் அஞ்சு நிமிஷத்துல தோத்ததா அறிவிக்கப் போறாங்கன்னான். ஓட்டக்காரங்களுக்கு வழி இறக்கம்தான், தானா போயிடுவாங்க. நான் உட்கார்ந்தேன்."

"உனக்கு மூஸ் தெரியுமா?"

"எங்கப்பா யாரு?"

ஃபெர்மின், "பாதை பாருக்குப் பின்னாடி போகுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"முதல் நாளே நீ என் முன்னாடி ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டு ஊத்துன்ன, பாலம்ன. கையில ஒண்ணுமில்லைன்னு நீயே சொல்ற, நான் நம்பாம இருக்க முடியுமா? மறுநாளே போய்ப் பார்த்தேன். ஊத்து இல்ல, பாலம் இல்ல. மாட்டுத் தடம் ஒண்ணு இருக்கு. அது நேரா பார் ஜன்னலை ஒட்டித்தான் போகுது. நீ முட்டை சாப்பிட்டுக்கிட்டிருந்த. வழி நல்லா இருக்கேன்னு அன்னியிலேர்ந்து நானும் தினமும் ஓட ஆரம்பிச்சேன். தாள்ல அந்த வழியத்தான் போட்டேன். உன் பேரை மட்டும் அப்படியே விட்டு வெச்சேன்."

"என்னை அங்கேயே பிடிச்சிருக்கலாமே."

"எதுக்கு? பார்க்காரிகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். மூணு வாரமா நீ சாப்பிட்ட சோரிசோ வான்கோழி."

இதை ஜீரணிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. கடைசியில் அவர், கேட்கப் பயந்ததைக் கேட்டார்.

"சுவத்துல எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க. பௌதீலியோ, விசித்தாசியோன்னு என் முழுப் பேரோட. அப்பா பேருக்கு நேர் கீழ, பச்சை வண்ணத்துல."

"அடுத்த வருஷமாவது..."

"அடுத்த வருஷத்துக்கும் பௌதீலியோ என் பேரைத்தான் குடுத்திருக்கான். நாளையிலேர்ந்து பத்து மணிக்குப் பயிற்சி, வண்டியில கூட்டிட்டுப் போறானாம்." விசி ஏணியில் ஏறிப் பன்றித்தொடையை அடுக்களை உத்தரத்தில் அவருக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டு, கீழே வந்து, அவிழ்ந்திருந்த வலது கால் கட்டை அன்போடு இறுக்கினாள். "நீ கவலைப்படாதே. சுளுக்குன்னா மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் கான்திதாவும் தங்கச்சியும் தினமும் பத்து மணிக்கு வந்துடறதா சொல்லியிருக்காங்க."