ரோட்டுக்கு வராத ருத்ரா

இந்த மாங்காய் சீசனில் சிங்காரப்பேட்டை மண்ணை மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். எடுத்த இடம் குளியலறை. தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதனால் தைரியமாகவே எடுத்தேன்.

சிங்காரப்பேட்டை என் மாமனார் ஊர். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போய், பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே அவருக்கு மாந்தோப்பு. சீசன் வந்தால் ஒவ்வொரு ஞாயிறும் நானும் என் மனைவி ராஜலட்சுமியும் அங்கே ஆஜர். மற்ற மாப்பிள்ளைகள் மாந்தோப்புக்குப் போனால் பழம் தின்பார்கள். நான் தரம் பிரிப்பேன். ஏனென்றால் சிப்காட் கம்பெனி ஒன்றில் எனக்குக் குவாலிட்டி டிபார்ட்மென்ட்.

"மாமா குவாலிட்டி ஆளாச்சே, கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க" என்பான் மச்சான் மணிவேல். கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூரா ஒரு பக்கம், சந்தைக்குப் போகிற செந்தூரா ஒரு பக்கம். பிரித்து முடித்து நிமிர்ந்தால், "அப்படியே வண்டியில ஏத்திடுங்க மாமா." ஏற்றுவதில் என்ன குவாலிட்டி இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த வருஷம் எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. எங்கள் பக்கத்து ஃபிளாட் மாதேஷ், எங்கள் குடியிருப்பு ஆண்களை எல்லாம் சேர்த்து ஞாயிறு கோப்பை என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். டிவியில் விளையாடுகிற கார் ரேஸ். அவரவர் வீட்டில் உட்கார்ந்து, அவரவர் சோபாவில் இருந்தே ஓட்டலாம். ஸ்கூட்டரில் பாகலூர் ரோட்டைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்கிற ஆண்களுக்கு என்றே கண்டுபிடித்த வீரம்.

விஷயத்தை ராஜியிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு ரேஸ் இருக்கு."

"எங்க?"

"இங்கதான். டிவியில."

"டிவியில ஓடுற காருக்காக எங்கப்பன் தோப்புக்கு வர மாட்டீங்களா?"

"சும்மா காருன்னு நெனைக்காத. இது ஜிடி3. உலகம் பூரா இருக்கிற ரேஸ் கார் கிளாஸ்."

"உங்களுக்கு எதுக்குங்க கிளாஸு? டம்ளர்லதானே காப்பி குடிக்கிறீங்க."

இப்படித்தான் என்னை ஓட்டுவாள். அவளும் சும்மா இல்லை. இன்னொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். பில்லும் சரக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் லாரியை கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறவள். டிரைவர்கள் அவளைக் கண்டால் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வார்கள்.

நான் விளக்கினேன். இந்த கேமில் இருப்பதெல்லாம் கற்பனைக் கார்கள். நிஜ கம்பெனிகளின் பெயரைப் போட அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தொல்லை எதற்கு என்று, கேம் செய்தவர்களே கார்களைப் பெற்று, பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் விதி மட்டும் நிஜ உலகத்து விதி. எடை இவ்வளவு, சக்தி இவ்வளவு. ஒரு கார் அதிக வேகம் போனால் அதன் மேல் எடை ஏற்றி மற்ற கார்களோடு சமன் செய்வார்கள்.

"வேகமா வேலை செய்யறவங்க தலையில இன்னும் சுமை ஏத்துறது. எங்க கம்பெனி ஹெச்ஆர் எழுதின விதியா?" என்றாள்.

பிறகு கொஞ்ச நேரம் யோசித்தாள். 

"சரி. நாம ரெண்டு பேரும் பந்தயம் ஓட்டலாம். நீங்க ஜெயிச்சா இந்த சீசன் பூரா தோப்புக்கு வர வேண்டாம். நான் ஜெயிச்சா ஒரு ஞாயிறுகூடத் தப்பக்கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. மிக்ஸி தவிர வேறு எந்த இயந்திரத்தின் பட்டனையும் அவள் அழுத்தி நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் என்று நாள் குறித்தோம். மாதேஷ் நடுவர். அவர் மனைவி சரசம்மா பார்வையாளர்.

அன்றைக்கே கார் தேர்வு. ராஜி பட்டியலை ஓட விட்டு, சிவப்பாக, தரையோடு தரையாகப் படுத்திருந்த ஒரு காரில் நிறுத்தினாள். பெயர் அக்னி.

"இது அழகா இருக்கு. இதை எடுத்துக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேர்ப் பாதையில் அக்னியைப் பிடிக்க யாராலும் முடியாது. எனக்கோ வளைவில்தான் கை கொஞ்சம் முன்பின். அதாவது வளைவிலும்.

"அது செல்லாது" என்றேன்.

"ஏன்?"

"ஜிடி3 காருன்னா, ஜனங்க ரோட்டுல ஓட்டுற ஒரு காரை வெச்சு அதுலேர்ந்து செய்யணும். அதான் விதி. இந்த கேம்ல ஷோரூம்னு ஒரு பக்கம் இருக்கு. ரோட்டு வண்டியெல்லாம் அங்க இருக்கும். அக்னிக்கு அங்க ரோட்டு வண்டியே கெடையாது. நேரா ரேஸுக்குன்னே செஞ்சது."

"அம்மாவே பொறக்கல, புள்ள ஓடிட்டிருக்குன்றீங்க."

"அதேதான். அதனால தள்ளுபடி."

"காரே கற்பனைதானுங்க. அதுக்கு அம்மா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"கார் கற்பனையா இருக்கலாம். விதி கற்பனை இல்ல ராஜி. விதின்னா விதிதான்."

கம்பெனியில் சப்ளையர்களிடம் பேசுகிற குரலில் சொன்னேன். அவள் அடங்கிவிட்டாள். நானே பார்த்து அவளுக்கு மைனா என்ற காரைக் கொடுத்தேன். காய்கறிக் கடைக்குப் போகிற சின்ன வண்டிக்கு ரேஸ் சட்டை மாட்டியது போல இருக்கும். போதாததற்கு, "இந்தக் காருக்குக் கூடுதல் எடை ஏத்தணும், அதுவும் விதி" என்று சொல்லி ஏற்றியும் விட்டேன். மெதுவான காருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. எனக்கு ருத்ராவை எடுத்துக்கொண்டேன். கறுப்பு நிறம். உறுமினால் சுவர்க் கடிகாரம் அதிரும்.

ருத்ராவுக்கும் ரோட்டு வண்டி கிடையாது. எனக்குத் தெரியும். ஆனால் விதி என்பது அடுத்தவன் மீது வைத்துப் பார்க்கிற ஸ்கேல். அதை யாரும் தன் மேல் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் கம்பெனிக்கு ஆடிட் வருகிற அன்றைக்கு ரிஜெக்ட் பெட்டிகள் எல்லாம் கேன்டீனுக்குப் பின்னால் ஓய்வெடுக்கப் போகும். நான்தான் வழியனுப்பி வைப்பேன்.

அந்த வாரம் எனக்குச் செகண்ட் ஷிப்ட். காலையில் தோசை வைத்துக்கொண்டே ராஜி சந்தேகம் கேட்பாள். ரேஸ் முடிந்ததும் யார் யார் காரைச் சோதிக்கலாம்? தப்பு இருந்தால் என்ன தண்டனை? புருஷனின் அறிவை மனைவி மதிக்கிற அபூர்வமான வாரம். நான் உருகிவிட்டேன்.

"ஜெயிச்சவன் காரைத்தான் மொதல்ல சோதிப்பாங்க. விதிக்கு ஒத்து வரலேன்னா வெளிய தள்ளிடுவாங்க. ரெண்டாவது வந்தவனுக்குக் கோப்பை."

"அப்பறமா சொல்லலாமா, இல்ல ரேஸுக்கு முன்னாடியே சொல்லணுமா?"

"அப்பறமாவும் சொல்லலாம். இன்னொரு தோசை வை."

முறுகலாக வைத்தாள்.

சனிக்கிழமை வந்தது. ராஜியும் சரசம்மாவும் சோபாவில் உட்கார்ந்து கன்னடத்தில் என்னவோ பேசிச் சிரித்தார்கள். ராஜிக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. எனக்குக் கன்னடத்தில் கொஞ்சம் என்பதற்கான 'ஸ்வல்ப' என்ற ஒரு வார்த்தைதான் தெரியும். அதுவும் ஸ்வல்பமாகத்தான்.

"என்ன சொல்றாங்க?" என்று மாதேஷைக் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். சமையல் விஷயம்" என்றார். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை.

ரேஸ் தொடங்கியது. ருத்ரா பாய்ந்தது. மைனா பின்னால் பொறுமையாக வந்தது. முந்துவதற்கு அவள் முயற்சி கூடச் செய்யவில்லை. இடிக்காமல், தடம் மாறாமல், ஸ்டோர்ஸ் டிராலி தள்ளுவது போல ஓட்டினாள். நான் இரண்டு இடத்தில் புல்லில் இறங்கி, ஒரு டயர்ச் சுவரைக் கட்டிப்பிடித்து, அப்படியும் ஜெயித்தேன்.

எழுந்து நின்று கைகளை உயர்த்தினேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததால் உடனே இறக்கிக்கொண்டேன்.

"முடிஞ்சுது! சீசன் பூரா ஞாயித்துக்கிழமை எனக்கு!"

"மாதேஷண்ணா," என்றாள் ராஜி, கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்து. "ஜெயிச்ச காரைச் சோதிக்கணும்."

"எதுக்கு ராஜி அதெல்லாம்? நமக்குள்ள என்ன?"

"நமக்குள்ள ஒண்ணும் இல்லீங்க. விதிக்குள்ளதான். ருத்ராவோட ரோட்டு வண்டியைக் காட்டுங்க."

என் கை தானாக ஷோரூம் பக்கத்தைத் திறந்தது. ஒவ்வொரு வண்டியாக நகர்த்தினேன். மைனா இருந்தது, அமைதியாக, பச்சை நிறத்தில். ருத்ராவின் அம்மாவைக் காணவில்லை. மறுபடி முதலிலிருந்து தேடினேன்.

"தேடாதீங்க. நானும் சரசாவும் புதன்கிழமையே பாத்துட்டோம். சரக்கு வந்தா மொதல்ல சரிபாக்கறதுதானே என் வேலை?"

"ராஜி, இது கற்பனைக் காரும்மா! வெறும் கேமு! இதுக்குப் போயி..."

"கார் கற்பனையா இருக்கலாம்" என்று ஆரம்பித்தாள்.

"போதும்" என்றேன்.

மாதேஷ் என்னைப் பார்த்தார். ஆண் இனமே அவர் முகத்தில் ஒரு கணம் என்னோடு நின்றது. பிறகு தன் மனைவியைப் பார்த்தார்.

"ரூல்ஸ் அந்த்ரே ரூல்ஸ், ரீ" என்றாள் சரசம்மா.

அந்தக் கன்னடம் எனக்கே புரிந்தது: விதின்னா விதிதான். ருத்ரா தள்ளுபடி. மைனாவுக்கு முதலிடம். ரேஸ் விதி என்று நான் வாரம் முழுக்க ஓதியது என் தலைவிதியாக முடிந்தது.

மறுநாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ராஜி நைட்டியோடு காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்பலையா? பஸ் போயிரும்."

"நான் எதுக்கு? பந்தயத்துல தோத்தது நீங்க."

"ஒங்கப்பா தோப்பு ராஜி அது!"

"அப்பாகிட்ட சொல்லிட்டேன். மாப்பிள்ளை மட்டும் வந்தாலே போதும்னாரு. நான் வந்தா வெட்டிப் பேச்சுல வேலை கெடுதாம்."

அப்பா மீது அவளுக்கு இருந்த பாசம், தோப்பின் மீது இருந்த கடமை, எல்லாம் என் முதுகில் ஏறி கிருஷ்ணகிரி பஸ்ஸில் உட்கார்ந்தன. நின்றுகொண்டு வந்தது நான்.

மத்தியானம் பெங்களூரா குவியலுக்கு நடுவில் இருந்தபோது மணிவேல் போனை நீட்டினான். "அக்கா பேசுது மாமா. சீக்கிரம் பேசிட்டு இந்த வண்டியை ஏத்திடுங்க."

"சாப்பிட்டீங்களா?" என்றாள் ராஜி. பின்னால் மாதேஷ், சரசம்மா, இன்னும் நாலைந்து பேர் கை தட்டுகிற சத்தம்.

"அங்க என்ன கூட்டம்?"

"ஞாயிறு கோப்பையில உங்க எடம் காலியா இருந்துதில்ல, மாதேஷண்ணா என்னைச் சேத்துக்கிட்டாரு. மைனாவுல நீங்க ஏத்துன எடையை எறக்கினேன், என்னமா பறக்குதுங்க!"

ஒரு மாங்காய் என் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. முதல் தரம்.

"அப்பறம் ஒண்ணு. தோப்புக்கு அடுத்த ஞாயிறும் நீங்களே போயிருங்க. நான் அரையிறுதிக்கு வந்துட்டேன்."