நான்கு லட்சம் பேர் வந்த வெப்சைட்

"எட்டாயிரம் பேர் எங்கம்மா போனாங்க?" என்று முதலாளி மாதேஸ்வரன் கேட்டபோது, அத்தனை பேரையும் தானே கொன்றுவிட்டதுபோல வினோதா நின்றாள்.

ஓசூரில் அவருடைய பம்ப் கம்பெனியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாக வேண்டும்; சைட்டுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை சரிந்தால் சொந்த ஊரான பேரிகைக்கு பஸ் ஏறி வீட்டுக்குப் போக வேண்டும். போன வாரம்தான் சைட்டைப் புதிதாகக் கட்டியிருந்தாள். வாரம் ஒன்பதாயிரம் பேர் என்று காட்டிய கவுன்ட்டர் இப்போது ஆயிரம் என்றது.

"ஆள் குறையலைங்க சார். முன்ன எதைத் தொட்டாலும் புதுப் பக்கம் திறக்கும், ஒன்னுன்னு எண்ணும். இப்ப பக்கம் அப்படியே இருக்கும், உள்ள இருக்கறது மட்டும் மாறும். கவுன்ட்டர் ஒருவாட்டி எண்ணிட்டுத் தூங்கிடுது."

"அப்ப எழுப்பும்மா."

எழுப்பினாள். பக்கத்தில் எது மாறினாலும் எண்ணச் சொன்னாள். பத்து விநாடிக்கொரு முறை தானாக மாறும் பம்ப் ஸ்டாக் பட்டியலை மறந்துபோனாள். பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவரும் பத்து விநாடிக்கொரு முறை வந்துகொண்டே இருந்தார். எண்ணிக்கை அறுபதாயிரம்.

"சார், இது கொஞ்சம் அதிகமா..."

"தெரியும்மா. எனக்கே கண்ணு கலங்குது."

கலங்கிய கண்ணோடு ரிசப்ஷன், கேண்டீன், கேட் மூன்றிலும் டிவி மாட்டி சைட்டை ஓடவிட்டார். டிவிகள் தூங்காத வாடிக்கையாளர்கள். எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது.

பயந்துபோன வினோதா, பட்டியல் நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் போதும் என்று வைத்தாள்.

"டிவி ஏம்மா செத்துப்போச்சு? அஞ்சு செகண்டு வையி."

நான்கு லட்சம். குருபரப்பள்ளி ஹைவேயில் போர்டு எழுந்தது: 'வாரம் நான்கு லட்சம் பேர் தேடி வரும் பம்ப்'.

போர்டைப் பார்த்த பெங்களூரு கம்பெனி ஒன்று கூட்டுச் சேர விரும்பியது. மாதக் கடைசி நாளில் அவர்கள் வந்து உட்கார்ந்து, ஒன்றே ஒன்று கேட்டார்கள்: வருகிறவர்கள் எந்தெந்த ஊர்?

"அரை மணி நேரத்துல லிஸ்ட் கொடும்மா. கையோட உன் பர்மனென்ட் லெட்டர்ல சைன் போட்டுடறேன்."

டிவிகளைக் கழித்தாள். தானாக மாறியதைக் கழித்தாள். மாதேஸ்வரனும் ஆபீஸும் நாளெல்லாம் திறந்து திறந்து பார்த்ததைக் கழித்தாள். மிஞ்சியது பதினோரு பேர்.

கேண்டீனில், பெங்களூருக்காரர்களோடு லேப்டாப் தூக்கி வந்த சத்யப்ரியா தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். வினோதாவால் அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"பொய் லிஸ்ட் கொடுக்க மனசு வரலைங்க. பதினோரு பேர்னாலும் நெசமான ஆளுங்க. தினம் வர்றாங்க, எல்லாம் உங்க பெங்களூருதான். இதையே கொடுத்துடறேன்."

சத்யப்ரியா டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

"கொடுத்துடாதீங்க மேடம். நாலு லட்சம் பேர் அப்படி என்னத்தப் பாக்கறாங்கன்னு கண்டுபிடிக்க எங்க சார் புதுசா வேலைக்கு வெச்ச அந்தப் பதினோரு பேரும் நாங்கதான்."