நேசமலரின் பெயர் அட்டை

மாசி மாதத்துச் சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி நாற்பத்தேழு. சுவிஸில், வின்டர்தூர் நகரத்துத் தேவாலயம் ஒன்றின் கூட்ட மண்டப வாசலில், சேலைக்குக் கீழே பனிச் சப்பாத்துப் போட்டபடி நான் போய் நின்ற நேரம் அது. மணிக்கூட்டில் இப்போதும் அந்த நேரத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நான் எதையும் இலேசில் நம்பாதவள். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன், அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

என் மகள் ஆரணி அப்போது தாதிப் படிப்பின் கடைசி வருடம். இலங்கையில் சண்டை முடிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், உப்பைத் தாங்கோ என்று கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"அம்மா, படிப்பு முடிய நான் ஆறு மாதம் வன்னிக்குப் போறன்."

ஒரு சின்னத் தொண்டு நிறுவனமாம். சுவிஸில் இருந்துகொண்டு, வெளிநாடுகளில் உள்ள உள்ளூர்ச் சங்கங்களோடு சேர்ந்து தாய்மார் கிளினிக், பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு என்று நடத்துகிறார்களாம். வன்னியில் ஒரு சங்கத்தோடு புதிதாகச் சேர்ந்திருக்கிறார்களாம். எல்லாம் 'ஆம்'தான். எனக்கு எப்படி நம்பிக்கை வரும்?

எங்கட தாய்மாரில் இந்தச் சுவிஸ் சனத்துக்கு என்ன திடீர் அக்கறை? மதம் மாற்றவா? ஆமிக்குத் தகவல் சேர்க்கவா? இல்லாவிட்டால், முந்தி இயக்கத்துக்குக் காசு கேட்டு வீடு வீடாகக் கதவு தட்டின எங்கட ஆட்களேதான் வேறு பெயரில் வந்திருக்கிறார்களா? (மூன்றும் ஒரேயடியாக உண்மையாக இருக்க முடியாது என்று என் கணவர் சொன்னார். அவர் வானிலை அறிக்கையைக்கூட நம்புகிற மனுசன்.)

"அப்ப நீங்களே ஒருக்கா வந்து பாருங்கோவன் அம்மா," என்றாள் ஆரணி. மாட்டேன் என்றேன். வெளிப்படையாகப் போனால் அரைவாசி சம்மதித்ததாக எடுத்துக்கொள்வாளே. ஆனால் அவளுடைய பையில் இருந்த கூட்ட அறிவித்தலை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்தேன். சனிக்கிழமை, நாலு மணி, வன்னிச் சங்கத்தில் இருந்து விருந்தினர். சனிக்கிழமைகளில் ஆரணிக்கு பேக்கரியில் வேலை. ஆகவே வேவு பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது.

என்னை ஒருவரும் அடையாளம் காணக்கூடாது என்று யோசித்தேன். முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிற என்னை இந்த நகரம் ஜீன்சிலும் தடித்த ஜாக்கெட்டிலும்தான் கண்டிருக்கிறது. எனவே மாறுவேடமாகச் சேலை உடுத்தேன். (உலகத்தில் வேவு பார்க்கப் போனவர்களிலேயே பட்டுச் சேலையில் போனது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.)

வாசலில் பெயர் அட்டைகள் அடுக்கிய ஒரு மேசை. அதற்குப் பின்னால் வெள்ளி முடியோடு ஒரு அம்மா, ஃப்ராவ் கெல்லர், அதாவது திருமதி கெல்லர், என்று அட்டை குத்தியிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. முன்பின் தெரியாதவளைப் பார்த்து ஏன் இவ்வளவு சிரிப்பு?

ஆறுதலான, மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார்: "இலங்கையில் இருந்து வந்தீர்களா?"

இருபது வருடத்துக்கு முந்தி அகதி விசாரணையில் நான் படித்த பாடம் ஒன்று உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் ஒரு சொல்லில். "ஓம்" என்றேன் ஆங்கிலத்தில். உண்மைதானே.

"நீண்ட பயணமோ?"

"ஓம்." அதுவும் உண்மை. மூன்று நாடு, பதினொரு மாதம்.

"குளிராக இருக்கிறதா?"

"ஓம்."

ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை இந்த இடத்தில் பதிந்துவிடுகிறேன். ஃப்ராவ் கெல்லர் பெரிய அட்டை ஒன்றை எடுத்து, என் சேலைத் தலைப்பில் தானே குத்திவிட்டார். குனிந்து பார்த்தேன். 'நேசமலர்' என்றிருந்தது.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என்னுடைய சொந்தப் பெயர் இவர்களின் பட்டியலில் ஏறாமல் இருப்பது நல்லது என்று ஒரு புத்தி சொன்னது. இவர்களின் டொச், அதாவது ஜெர்மன் மொழி, தெரியாதவள் போல இருந்தால் எனக்கு முன்னாலேயே உண்மையெல்லாம் கொட்டுவார்கள் என்று இன்னொரு புத்தி சொன்னது. எனக்கு எப்போதும் இப்படி இரண்டு புத்தி. இரண்டும் ஒரே மாதிரி.

முன் வரிசையில் இருத்தி, தேத்தண்ணியும் தந்தார்கள். முதலில் அவர்கள் குடிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நான் குடித்தேன். பக்கத்தில் ஃப்ராவ் கெல்லரும் ஒரு தாடிக்காரரும் சுவிஸ் டொச்சில் கதைத்தார்கள். காதைத் தீட்டினேன்.

"பாவம், யாரோ நல்ல சப்பாத்துக் கொடுத்திருக்கிறார்கள்," என்றார் தாடிக்காரர். "பார்த்தால் கண்டிப்பான ஆள் போல இருக்கிறார். நாங்கள் ஒருவரும் முன்னே பின்னே கண்டதில்லை. எழுத்துத் தொடர்புதானே."

"ஆரணியை இவருக்குப் பிடிக்க வேண்டும்," என்றார் ஃப்ராவ் கெல்லர். "யாரை எடுப்பது என்று உள்ளூர்ச் சங்கம்தான் முடிவு செய்யும். இவர் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளை போக முடியாது."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். மகளைத் தடுக்க மூன்று மாதமாக நான் அழுதேன், பட்டினி கிடந்தேன், அட்லிஸ்வில் கோயில் முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். இப்போது நேசமலராக நான் ஒருக்கால் வேண்டாம் என்று தலையாட்டினால் காரியம் முடிந்தது. முருகன் இவ்வளவு நேரடியாகப் பதில் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழும்பி ஓட வேண்டிய நேரத்தில் இன்னும் வசதியாகச் சாய்ந்து இருந்தேன். என்னை நினைத்து நான் வெட்கப்படுகிற இடம் இதுதான்.

சரியாக நாலு மணிக்கு ஃப்ராவ் கெல்லர் என்னை மேடைக்கு அழைத்தார். "மொழிபெயர்க்க வேண்டியவருக்குக் காய்ச்சல்," என்று சபைக்குச் சொன்னார். "நல்ல காலம், ஆரணி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்."

பக்கக் கதவால் என் மகள் வந்தாள். சட்டையில் இன்னும் கோதுமை மா. என்னைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். பிறகு சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பல்லைத் திறக்காமல் தமிழில் கேட்டாள்:

"அம்மா, இஞ்ச என்ன செய்யிறியள்?"

"நீ பேக்கரியிலை எண்டெல்லோ சொன்னனீ?"

ஆரணி ஒலிவாங்கியைப் பிடித்து டொச்சில் சொன்னாள்: "நேசமலர் அவர்கள் உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறார்."

கைதட்டினார்கள். நான் ஆரணியின் பக்கம் திரும்பினேன்.

"பிள்ளை, நான் கேக்கேல்லை, அவைதான் குத்திவிட்டவை. எனக்குக் கால் நடுங்குது. வா, வீட்டை போவம்."

"தொடக்கத்தில் எல்லாம் கஷ்டமாக இருந்ததாம். விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றே நினைத்தார்களாம்."

சபை தலையாட்டியது. இவ்வளவு பேர் முன்னால் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல என் பிள்ளை எங்கே படித்தாள்? (என்னிடம்தான் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார்.) பயம் போய்க் கோபம் வந்தது. கோபத்தின் பின்னால், நான் கூப்பிடாத வேறொன்றும் வந்தது.

"நீ அங்க போகாதை ஆரணி. நாங்கள் எப்பிடி அங்கையிருந்து வெளிக்கிட்டனாங்கள் எண்டு உனக்குத் தெரியுமோ? இஞ்ச உனக்கொரு காய்ச்சல் வந்தாலே எனக்கு மூண்டு நாள் நித்திரை இல்லை. அங்க உன்னை ஆர் பாக்கிறது?"

ஆரணி ஒலிவாங்கியை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவருக்கு மூன்று நாள் தூக்கம் இல்லையாம். அங்கே என் பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்கிறாராம்."

ஃப்ராவ் கெல்லர் கைக்குட்டையை எடுத்தார். தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கும் அழுகை வந்தது. அதை மறைக்கக் கத்தினேன்: "நான் சொன்னதை மாத்திச் சொல்லாதை!"

"சரியாக மொழிபெயர்க்கட்டாம்," என்றாள் ஆரணி. சபை சிரித்தது.

அந்தச் சிரிப்பில் எனக்குப் பொறுமை பறந்தது. ஒலிவாங்கியைப் பறித்தேன். இருபது வருடம் உடுப்புத் தோய்க்கிற இடத்தில் சண்டை பிடித்துப் பழகின சுத்தமான வின்டர்தூர் சுவிஸ் டொச்சில், "நான் அப்படிச் சொல்லவே இல்லை! இவள் என்ர மகள்!" என்று மண்டபம் அதிரச் சொன்னேன்.

வன்னியில் இருந்து வந்த விருந்தினருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் சுவிஸ் டொச் வந்துவிட்டதைப் பார்த்து எல்லோரும் உறைந்துபோனார்கள். ஆரணி முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டாள். அவளுடைய ஆறு மாதமும் என் வாயால் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. நான் கேட்டது அதுதானே? கிடைத்தபோது நெஞ்சில் ஏன் அப்படி ஒரு பாரம் என்று தெரியவில்லை.

"அக்கா," என்று பின்னால் ஒரு குரல் தமிழில் கேட்டது. "அந்தப் பெயர் என்ர போலக் கிடக்கு."

கதவடியில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். ஜீன்ஸ், முதுகுப் பை, முழங்கால் வரைக்கும் பனி.

"மன்னிக்கோணும். முருகன் கோயிலுக்குப் போட்டு வரேக்கை, அட்லிஸ்வில்லிலை பிழையான பக்கம் ரயில் ஏறிப்போட்டன். அது என்னைக் காட்டுக்குள்ளை கொண்டுபோய் இறக்கிப்போட்டுது," என்றபடி நேசமலர் மேடைக்கு வந்தார். "வந்து கொஞ்ச நேரம். கதவடியிலை நிண்டு கேட்டனான்."

ஆரணி தலை நிமிரவில்லை. "அக்கா, அம்மாவிலை பிழையில்லை. நான்தான் பொய் சொன்னனான்."

"தங்கச்சி, எனக்கு இவையின்ர பாஷை ஒரு சொல்லும் தெரியாது," என்றார் நேசமலர். "எனக்குத் தெரிஞ்சது இதுதான். அம்மா ஏசினா, இவை அழுதினம். அப்ப நடுவிலை நிண்ட பிள்ளை என்னவோ நல்லாத்தான் செய்திருக்கு. எங்கட கிளினிக்குக்கு வாற தாய்மாரும் முதல்நாள் இப்பிடித்தான். நீங்கள் ஆர், ஏன் வந்தனீங்கள், பின்னாலை ஆர் நிக்கினம் எண்டு ஏச்சுத்தான். அதைக் கேட்டுக்கொண்டு நிக்கக்கூடிய ஆள்தான் எனக்கு வேணும். நீ வா."

நான் அட்டையைக் கழற்றப் பார்த்தேன். அவசரத்தில் ஊசி சேலையில் சிக்கிக்கொண்டது. நேசமலர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். (அந்த அட்டை இன்றைக்கும் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்தான் ஒட்டியிருக்கிறது. நான் தொலைபேசியை எடுக்கும்போதெல்லாம், "இண்டைக்கு எந்தப் பெயரிலை கதைக்கிறீர்?" என்று என் கணவர் கேட்பார்.)

"வைச்சிருங்கோ அக்கா," என்றார் அவர். "ஆனால் பிள்ளையைப் பாக்க அங்க வாறதெண்டால், உங்கட பெயரிலை வாங்கோ."